ஒரு முறம் தவிடு

பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தரில் எனக்கு லட்சணமான ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி என்னைக் கூப்பிட்டவர்கள் டீச்சர்கள் மட்டும்தான். வீட்டுக்கும் தெருவுக்கும் நான் தவுடு. தவிடு என்று எழுதுவதுதான் இலக்கணம். ஆனால் அப்படித் திருத்தமாக யாராவது கூப்பிட்டிருந்தால் நான் திரும்பியே பார்த்திருக்க மாட்டேன். செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு நெல் மிஷின் இருந்தது. காற்றடித்தால் வீடெல்லாம் தவிடு பறக்கும். அதனால்தான் எனக்கு அந்தப் பெயர் என்று தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர்களை நிறுத்தி வைத்து உண்மையான காரணத்தை விளக்குவதற்கென்றே எங்கள் வீட்டில் ஒருவர் இருந்தார். என் தாய்மாமா.

மாமா அம்மாவுக்குத் தம்பி. பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, பஸ் கம்பெனி ஒன்றில் டிரைவராக வேலை பார்த்தார். எங்களோடுதான் இருந்தார். நல்ல சிவப்பு, நல்ல உயரம், நல்ல வாய். அந்த வாய்தான் எனக்கு வினையாக வந்தது. எந்த வீட்டில்தான் குழந்தைகளைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று கேலி செய்வதில்லை? மற்ற வீடுகளில் குழந்தை அழும், பெரியவர்கள் சிரிப்பார்கள், சாயங்காலத்துக்குள் மறந்துபோகும். மாமா மறக்க விடமாட்டார். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் தேதி கிழமை தவிர மற்ற எல்லா விவரத்தோடும் சொல்வார்.

“நீ இந்த வூட்ல பொறந்ததே இல்ல. மாபலிபுரத்தாண்ட குப்பத்துலேந்து ஒரு கருவாட்டுக்காரி வருவா. கூடையில வாளக் கருவாட்டு மேல உன்ன படுக்க வச்சிகினு வந்தா. உங்கம்மா கருவாடு வாங்கத்தான் போனா. வெல கட்டுப்படியாவல. சரின்னு ஒரு மொறம் தவுட்ட குடுத்து உன்ன வாங்கிகினு வந்துட்டா.”

இதைக் கேட்டு நான் அழுதிருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் அதுதான் முறை. ஆனால் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் வந்துவிட்டது. காரணம் என் கால்கள்.

என் இரண்டு பாதங்களிலும் கட்டைவிரலுக்கு அடுத்த விரலும் அதற்கடுத்த விரலும் ஒட்டிக்கொண்டிருக்கும். வலது காலில் ஒட்டு நகம் வரைக்கும் போகும். இடதில் கொஞ்சம் கம்மி. வலி கிடையாது, நடக்க ஓட ஒரு குறையும் கிடையாது. இருந்தாலும் பள்ளிக்கூடத்தில் என்னை வாத்து என்றார்கள். எதிர்வீட்டு அம்மாள் ஒருத்தி, இந்தக் காலில் நாளைக்கு மெட்டியை எங்கே போடுவது என்று உண்மையாகவே கவலைப்பட்டாள். இந்த விரல்கள் எதற்காக என்று எனக்கும் அதுவரை தெரியவில்லை. மாமா கதை சொன்னதும் பளிச்சென்று புரிந்துவிட்டது. சமுத்திரத்தில் நீந்துவதற்காக! நான் கடலோரத்துப் பெண். அங்கே எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும்.

ஆனாலும் நான் எதையும் ஆராயாமல் நம்புகிற பிள்ளை இல்லை. எங்கள் வீட்டுப் பூனைக்கு வால் நுனி கொக்கி போல வளைந்திருக்கும். அது போட்ட மூன்று குட்டிகளில் இரண்டுக்கு வால் அதே மாதிரி கொக்கி. ஆகையால் அம்மாவிடம் இருப்பதுதான் பிள்ளைக்கு வரும் என்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். மூன்றாவது குட்டிக்கு வால் நேராக இருந்தது. அது என் சட்டத்துக்கு ஒத்துவரவில்லை, அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பின்னாளில் காலேஜில் விலங்கியல் பாடம் நடத்தியபோது இதே தப்புக்கு எத்தனையோ மாணவிகளின் மார்க்கைக் குறைத்திருக்கிறேன். ஒன்பது வயதில் எனக்கு மார்க் போட ஆளில்லை.

சட்டம் கிடைத்ததும் சோதனையைத் தொடங்கினேன். அம்மா அரிசி களையும்போது பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் பாதங்களைப் பார்த்தேன். பத்து விரலும் தனித்தனியாக, மெட்டி போட்டுக்கொண்டு அழகாக இருந்தன. அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவுக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை; சாயங்காலம் வந்து கால் கழுவும்போது நானே சொம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றிப் பார்த்தேன். கறுத்து வெடித்த கால்கள், விரல்கள் விறகுக்கட்டை போலத் தனித்தனி. இதென்ன புதுசாக இவ்வளவு மரியாதை என்று நைனா ஆச்சரியப்பட்டார். மாமாவின் காலைப் பார்க்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் முடியாது. மாமா வெளியே பூட்ஸும் வீட்டுக்குள்ளே மேஜோடும் போடுகிறவர். காலுறையை அந்தக் காலத்தில் மேஜோடு என்றுதான் சொல்வோம். சித்திரை வெயிலில்கூட அதைக் கழற்ற மாட்டார். குளிக்கப் போனால் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, வெளியே வரும்போது மேஜோடோடுதான் வருவார். பட்டாளத்துப் பழக்கம், கழற்றினால் காய்ச்சல் வரும் என்பார். எனக்கு அது பெரிய நாகரிகமாகத் தெரிந்தது.

கடைசியாக அம்மாவிடமே கேட்டேன்.

“அம்மா, நெசமாவே என்ன தவுட்டுக்குத்தான் வாங்கினியா?”

அம்மா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. மற்ற அம்மாக்களாக இருந்தால் போடி பைத்தியம் என்று சிரித்திருப்பார்கள். என் அம்மா என்னை நிமிர்ந்து பார்க்காமல், “ஆமா” என்றாள். பிறகு மறுபடியும் அரைக்கத் தொடங்கினாள்.

போதாதா? இன்னொன்றும் இருந்தது. என்னை வாய் திறந்து எம் பொண்ணு என்று அம்மா சொல்லி நான் கேட்டதே கிடையாது. இது உன் பெண்ணா என்று ரயிலில் யாராவது கேட்டால், வாங்கினது என்பாள். எனக்குப் புதுப்பாவாடை தைத்தால்கூட, அதை இடுப்பில் கட்டிவிடும் முன்பு ஒருதரம் தரையில் போட்டு மிதிப்பாள். ஊரார் முன்னால் என் தலையைத் தடவ மாட்டாள். ஆனால் மீன் குழம்பில் நடுத்துண்டு எனக்குத்தான் வரும், காய்ச்சல் வந்தால் ராத்திரியெல்லாம் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். வாங்கின பொருள் வீணாகப் போகக்கூடாது என்று ஜாக்கிரதையாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தை மாசம் முழுக்க நான் தரையில் நடந்ததாகவே நினைவில்லை. கொளவாய் ஏரிக்கரையில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீருக்குள் விட்டு அசைத்துப் பார்ப்பேன். விரல்கள் துடுப்பு போலத் தண்ணீரைத் தள்ளுகின்றன என்று தோழிகளிடம் அடித்துச் சொன்னேன். எங்கள் வீட்டில் கட்டுமரம் இருக்கிறது, சொந்தக் கட்டுமரம் என்றேன். எங்கள் வீடு என்று நான் சொன்னது குப்பத்து வீட்டை. வாத்து என்று கூப்பிட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஒருத்தி தன்னையும் எங்கேயாவது வாங்கியிருப்பார்களா என்று வீட்டில் கேட்டு, முதுகில் இரண்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

மாசி மகத்துக்கு முன்னால் ஒரு காலையில் அம்மாவும் நைனாவும் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. இந்த மகத்துக்கு மாபலிபுரம் போய்க் கடலில் முழுக வேண்டும் என்றாள் அம்மா. அந்தக் கருவாட்டுக்காரி வயசாகி இப்போது கூடை தூக்கி வருவதில்லை, அவளையும் பார்த்துவிட வேண்டும் என்றாள். பிறகு சொன்னாள்: “கொயந்தைக்கு ஒம்பது முடிஞ்சிட்ச்சி. குடுக்க வேண்டியத குடுத்துட்டு வந்துடலாம்.”

நைனா சரி என்றார்.

குடுக்க வேண்டியது என்றால் வேறு யார்? நான்தான்! என்னைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள். எனக்கு வந்தது சந்தோஷமா பயமா என்று பிரித்துப் பார்க்கப் பொறுமையில்லை. உடனே வேலையில் இறங்கினேன். சிலேட்டுக் குச்சி டப்பாவை அடுத்த வீட்டுப் பெண்ணுக்குத் தானம் கொடுத்தேன். பூனையிடம் விடைபெற்றேன். பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. அம்மா ஒரு முறம் தவிடு கொடுத்து என்னை வாங்கியிருக்கிறாள். இப்போது சும்மா திருப்பிக் கொடுத்தால் அம்மாவுக்கு நஷ்டம். கருவாட்டுக்காரி அந்தத் தவிட்டைத் திருப்பித் தர வேண்டாமா? கடற்கரையில் நெல் மிஷின் ஏது? பாவம், அவள் எங்கே போவாள்?

ஆகவே பசுவுக்கு வைத்திருந்த தவிட்டிலிருந்து ஒரு முறம் அள்ளி, பழைய தலையணை உறையில் போட்டுக் கட்டினேன். இத்தனை வருஷம் சோறு போட்டிருக்கிறாளே என்று மேற்கொண்டு இரண்டு கை சேர்த்தேன். அம்மாவின் தவிட்டைத் திருடி, அதை அம்மாவுக்கே கொடுத்து, அம்மாவின் நஷ்டத்தைத் தீர்க்கிற இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

மகத்தன்று காலையில் அம்மா எனக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரினாள். இழுத்துப் பின்னுகிறவள் அன்றைக்கு மெதுவாகப் பின்னினாள். குப்பத்து அம்மாவுக்கு ரெட்டைப் பின்னல் போடத் தெரியுமோ தெரியாதோ என்று யோசனை வந்தது. தெரியாவிட்டால் வாரத்துக்கு ஒருதரம் பஸ்ஸில் வந்து பின்னிக்கொண்டு போகலாம், மாமா பஸ்ஸில் எனக்கு டிக்கெட் கேட்க மாட்டார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

மாமா ஓட்டிய பஸ்ஸிலேயே போனோம். மூக்கு நீண்ட அந்தக் காலத்து பஸ். எள் போட்டால் கீழே விழாத கூட்டம். என் மடியில் தலையணை உறை. அது என்ன என்று நைனா கேட்டதற்கு, தலையணை என்றேன். திருக்கழுக்குன்றத்தில் மலையைக் காட்டி எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டு, குப்பத்தில் எனக்கு ஒரு அண்ணன் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதற்கப்புறம் உப்புக் காற்று வந்தது. அந்த வாசனை எனக்குப் பழக்கமானது என்று நான் அடித்துச் சொன்னேன். நைனா, அது பக்கத்துச் சீட்டுக்காரரின் கருவாட்டு மூட்டை என்றார்.

கடலைப் பார்த்ததும் நான் கத்திய கத்தலில் முன்னால் போன ஒரு பெரியவர் குடையைக் கீழே போட்டார். அவ்வளவு தண்ணீரா! கடற்கரைக் கோயில் பக்கம் புடவைகளைக் கட்டிக் கூடாரம் போட்டு இருளர்கள் கூட்டம் கூட்டமாகத் தங்கியிருந்தார்கள். தீர்த்தவாரிக்குப் பெருமாள் கரைக்கு எழுந்தருளியிருந்தார். மேளச் சத்தமும் அலைச் சத்தமும் கலந்து காது அடைத்தது. ஜனங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினார்கள். நான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. மணலில் போகிற வருகிற கால்களையே பார்த்துக்கொண்டு போனேன்.

கருவாட்டுக்காரிதான் எங்களைக் கண்டுபிடித்தாள். கறுத்து, பல் விழுந்து, நெற்றியில் பச்சை குத்திய கிழவி. தவுடே என்று தூரத்திலிருந்து கூவிக்கொண்டே வந்தாள். என்னைத் தூக்கி இடுப்பில் வைக்கப் பார்த்து, முடியாமல் கட்டிக்கொண்டாள். மீன் வாடை ஜம்மென்று இருந்தது. அவள் தோளில் முகம் இருக்கும்போதே நான் கீழே எட்டிப் பார்த்தேன். அகலமான பாதங்கள். ஈர மணல் ஒட்டியிருந்தது. விரல்கள் பத்தும் விசிறிபோல விலகி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இன்னொரு விரல் வைக்கலாம் என்பதுபோல இருந்தன.

என் சட்டம் அங்கே ஆட்டம் கண்டது. ஆனாலும் அவளே வாயால் சொல்லிவிட்டாள்: “எம் பொண்ணு இம்மாம் ஒசரம் வளந்துட்டாளா? தங்கச்சி, இவள என்னாண்டயே வுட்டுட்டுப் போ.”

அம்மா சிரித்தாள். பையிலிருந்து ஒரு புதுப்புடவையும் வெற்றிலை பாக்கும் எடுத்தாள். சரி, நேரம் வந்துவிட்டது என்று நான் ஓடிப்போய்த் தலையணை உறையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். முடிச்சை அவிழ்த்துக் கிழவியின் முன்னால் நீட்டினேன்.

“இந்தா தவுடு. இத்த எங்கம்மாவாண்ட குடுத்துட்டு என்ன வாங்கிக்கோ. ஒரு மொறத்துக்கு மேலயே கீது.”

கிழவி பொக்கை வாயைத் திறந்து கடகடவென்று சிரித்தாள். நைனாவும் சிரித்தார். பஸ்ஸை நிறுத்திவிட்டு, மணலில் பூட்ஸ் புதையப் புதைய அப்போதுதான் வந்து சேர்ந்த மாமா எல்லோரையும் விடப் பெரிதாகச் சிரித்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

யார் உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது என்று அம்மா கேட்டாள். நான் மாமாவைக் காட்டினேன். அப்புறம் அம்மாவையே காட்டினேன். நீயும்தானே ஆமா என்று சொன்னாய் என்றேன். என் வழக்கை ஒரே மூச்சில் எடுத்துச் சொன்னேன். பூனையின் வால், அம்மாவின் கால், நைனாவின் கால், எதுவும் என்னோடு ஒத்துப்போகாதது, குடுக்க வேண்டியதைக் குடுத்துவிடலாம் என்று பேசியது, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், “நீ ஒரு தபாகூட என்ன எம் பொண்ணுன்னு சொன்னதில்ல” என்று சொல்லும்போது மட்டும் எனக்கே தெரியாமல் அழுகை வந்துவிட்டது.

அம்மா என் கையிலிருந்த உறையைப் பிடுங்கித் தலைகீழாகக் கொட்டினாள். தவிடு காற்றில் பறந்து எங்கள் எல்லோர் மேலும் விழுந்தது. மீதியை அலை கொண்டுபோயிற்று.

“எம் பொண்ணுடி நீ,” என்றாள். “நான் பெத்தது. எவளாண்டயும் வாங்கல.”

நைனா பதறிப்போய், வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அம்மா அவரைப் பார்க்கக்கூட இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொன்னாள். “எம் பொண்ணு. எம் வயித்துல பொறந்தவ. யாரு கேட்டுகினாலும் கேட்டுக்கட்டும்.”

கிழவி சட்டென்று த்தூ த்தூ என்று மணலில் துப்பி, என் தலையைச் சுற்றி இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். நான் அம்மா பெற்ற பிள்ளை என்று சொல்வதில் யார் கேட்டுக்கொள்ள என்ன இருக்கிறது?

எனக்கு அழுகை நின்றது. ஆனால் சந்தேகம் நிற்கவில்லை. பிறகு கால் மட்டும் ஏன் இப்படி என்று கேட்டேன்.

அம்மா மாமாவின் பக்கம் திரும்பினாள். “டேய், மேஜோட்ட அவுரு.”

மாமாவின் முகத்தில் இருந்த சிவப்பெல்லாம் போய்விட்டது. “அக்கா, இங்க இன்னாத்துக்கு...” என்று இழுத்தார்.

“அவுருடான்றேன்ல.”

பட்டாளத்துக்கெல்லாம் போய் வந்த மனுஷன் சின்னப்பிள்ளை மாதிரி மணலில் உட்கார்ந்தார். பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. பிறகு மேஜோட்டை உரித்தார். வெயிலே படாத பாதங்கள், அவித்த பனங்கிழங்கு மாதிரி வெளுத்திருந்தன. நான் பார்த்தேன். கட்டைவிரலுக்கு அடுத்த விரலும் அதற்கடுத்ததும் ஒட்டியிருந்தன. வலது காலில் நகம் வரைக்கும். இடதில் கொஞ்சம் கம்மி.

ஐயோ, நான் போட்ட கூச்சல்! பெருமாளுக்கு அடித்த மேளமே ஒரு நொடி நின்றது என்று மாமா பின்னாளில் சொல்வார்; அது அவருடைய கதை. நான் என் காலை அவர் காலோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். அச்சு அசல். அளவுதான் வித்தியாசம். கையும் களவுமாகப் பிடிபட்ட மாமா முதலில் பேந்தப் பேந்த விழித்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஈர மணலுக்கு ஓடினேன். பெரிய தடம் இரண்டு, சின்னத் தடம் இரண்டு, எல்லாவற்றிலும் ஒரு விரல் குறைந்த மாதிரி. அலை வந்து அழித்தது, மறுபடியும் பதித்தோம். முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிட்டு, பாருங்கள், எங்கள் மாமா கால், என் கால் என்று காட்டினேன். மாமாவும் கடைசியில் சிரிக்கத் தொடங்கிவிட்டார். சிரிப்பில் கண்ணீர்கூட வந்தது. வெறுங்காலில் மணல் பட்டால் கூச்சம் தாங்கவில்லை என்றார்.

அம்மாவின் அப்பாவுக்கும் இதே கால்தானாம். அப்படியானால் உனக்கு மட்டும் ஏன் இல்லை என்று அம்மாவை விடாமல் பிடித்தேன். அம்மா கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: “எங்கிட்ட வெளிய தெரியாம ஒளிஞ்சிகினு இருந்துது. உங்கிட்ட வந்து எட்டிப் பாக்குது.”

பாரம்பரியம் என்ற பாடத்தை நான் எத்தனையோ வருஷம் நடத்தினேன். போர்டு நிறைய வட்டமும் சதுரமும் வரைந்தேன். ஒரு குணம் ஒரு தலைமுறையில் மறைந்திருந்து அடுத்ததில் தலைகாட்டுவதை இதைவிட நன்றாகச் சொல்ல எனக்கு வரவில்லை. என் சட்டத்திலிருந்து தள்ளிவைத்தேனே நேர்வால் குட்டி, அதுவும் அடுத்த வருஷம் குட்டி போட்டது. அதில் ஒன்றுக்குக் கொக்கி வால்.

கிழவி புதுப்புடவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “பொண்ணு போச்சி, பொடவ வந்துச்சி” என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். கடலில் எல்லோரும் முழுகினோம். நான் நீந்தலாம் என்று காலை உதைத்து, தலைகுப்புற விழுந்து, வயிறு நிறைய உப்புத் தண்ணீர் குடித்தேன். விரல்கள் ஒரு உதவியும் செய்யவில்லை.

திரும்பி வரும்போது மாமா வெறுங்காலோடு பஸ் ஓட்டினார். மேஜோடு இரண்டும் அவருக்குப் பக்கத்தில் ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டு ஆடின. முன் சீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஒட்டின விரல்கள் பிரேக்கை அழுத்துவதையே நான் பார்த்துக்கொண்டு வந்தேன். உலகத்தில் என்னைவிடச் சந்தோஷமான ஜீவன் அன்று இருந்திருக்க முடியாது. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதும் புரியவில்லை.

அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு, தூங்கும்போது என் மூக்கின் கீழ் அம்மாவின் விரல் வந்து வந்து போகும். மூக்கைச் சிந்தினேனா என்று பார்க்கிறாள் என்று நினைத்து, சிந்திவிட்டேன் அம்மா என்று தூக்கத்திலேயே சொல்வேன்.

எனக்குக் கலியாணமானபோது என் கால் விரலில் மெட்டி ஏறாமல் பாதியில் நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் அழுதாள். அன்றைக்கு மத்தியானம் நைனா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு முன்னால் இந்த வீட்டில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. இரண்டும் ஒரு வயசைப் பார்க்கவில்லை. இரண்டுக்கும் கால் விரல்கள் ஒட்டியிருந்தன. போனதென்னவோ காய்ச்சலில், விரல் ஒட்டியதால் உலகத்தில் எந்தக் குழந்தையும் செத்ததில்லை. ஆனால் தெரு அப்படிப் பேசவில்லை. தாய்மாமன் கால் வந்த பிள்ளை தங்காது என்று மாமாவின் காதுபடவே பேசியது. இரண்டாவது குழந்தையும் போன பிறகுதான் மாமா மேஜோடு போட ஆரம்பித்தார். மூன்றாவதாக நான் பிறந்தபோது, முதலில் பார்த்தது என் கால்களைத்தான். அன்றைக்குத் தெருவில் வந்த கருவாட்டுக்காரியின் மடியில் என்னைப் போட்டு, ஒரு முறம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று எமன் ஏமாந்து போகட்டும் என்று. ஒன்பது வயசு தாண்டினால் அவளுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டார்கள். எமன் மறந்துவிடாமல் நாள்தோறும் ஊர் கேட்கச் சொல்வதை மாமா தன் வேலையாக வைத்துக்கொண்டார். அம்மா ஆமா என்றாள்.

அந்தப் பஸ்ஸுக்கு வருகிறேன். அம்மா என் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒட்டின விரல்களைச் சுற்றி இருந்த மணலையும் தவிட்டையும் முந்தானையால் துடைத்தாள். எத்தனை தரம்தான் துடைப்பாளோ என்று இருந்தது. என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல், தனக்குள் சொல்வது போலவும் இல்லாமல் மெதுவாகச் சொன்னாள்:

“அந்த ரெண்டுக்கும் இப்டியேதான் இருந்துச்சி.”

நான் மாமாவின் இரண்டு கால்களையும் எட்டிப் பார்த்தேன். ஒரு தகவலைத் திருத்தமாகச் சொல்வதில் எனக்கு அப்போதே ஆசை அதிகம்.

“ஆமாம்மா, ரெண்டுக்குமே,” என்றேன். “வலதுல மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.”

“ஆமா,” என்றாள் அம்மா.